வயலில் அடிக்க வேண்டிய போன்

உட்லண்ட்ஸ்,
தை மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகன் பிரபாகருக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறேன், நீயும் மருமகள் வித்யாவும் உன் அம்மாவும் அங்கே அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். வேண்டிக்கொள்ளத்தான் முடிகிறது, விசாரிக்க வழியில்லை, நீ என் போனை எடுத்து இன்றோடு எட்டு நாள். உன் அம்மா எடுக்கிறாள், ஆனால் உன்னைப் பற்றிக் கேட்டால் அவள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்கிறாள். இந்தக் காலத்துல யாரு அண்ணே கடுதாசி எழுதுறா என்று ரகுபதி சிரிக்கிறான். ரகுபதி எங்கள் டார்ம் விடுதியில் என் மேல்கட்டில்காரன், பண்ருட்டிப் பக்கம், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், உனக்கு அவனைத் தெரியாது. நான் எழுதக் காரணம் இரண்டு. வாயால் பேசினால் நம் இருவருக்கும் அது சண்டையில்தான் போய் முடிகிறது, அது ஒன்று. இந்த உறைக்குள் ஒரு பொருள் வைத்திருக்கிறேன், அது வாட்சப்பில் வராது, அது இன்னொன்று. என்ன பொருள் என்று பின்னால் சொல்கிறேன், அதற்குள் உறையை உதறித் தொலைத்துவிடாதே, ரொம்பச் சின்னப் பொருள்.

நடந்ததை என் வாயாலேயே ஒரு தடவை கேட்டுவிடு. பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் வேலை. மதியத்துக்கு மேல் நானும் ரகுபதியும் ஜாஃபரும் இன்னும் இரண்டு பேரும் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே என்கிற இந்த ஊர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். ஜாஃபரை உனக்குத் தெரியும், அறந்தாங்கிக்காரன், பஃபலோ ரோட்டில் மளிகைக் கடையில் வேலை, உன் கல்யாணத்துக்கு வாட்ச் கொண்டுவந்து கொடுத்தவன். ஊர் சிம் போட்ட என் பழைய பட்டன் போன் சட்டைப்பையில் இருந்தது. பட்டா, ஆதார், பாங்க் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் கொடுத்திருக்கிறேன், அது இங்கேயும் உயிரோடு இருக்க ரகுபதி மாதாமாதம் ஏதோ ஒரு ரீசார்ஜ் பேக் போட்டுத் தருவான். வருஷத்துக்கு நாலு தடவை அடித்தால் பெரிது. அன்றைக்கு அடித்தது. எண்ணெய்வித்து மானியத்துக்கு மனு போட்டவங்களைச் சரிபார்க்கிறோம் ஐயா என்று ஒரு பெண்பிள்ளை மரியாதையாகப் பேசியது. நான் உடனே ஸ்பீக்கரில் போட்டேன். அரசாங்கம் என்னைக் கூப்பிட்டு என் நிலத்தைப் பற்றிக் கேட்கிறது, மேசையில் இருக்கிற நாலு பேரும் கேட்கட்டும் என்றுதான். இருபத்துமூன்று வருஷமாக கப்பல் யார்டில் சாரம் கட்டுகிறவனை இங்கே யாரும் ஐயா என்பதில்லை, அந்த ஒரு வார்த்தையிலேயே நான் உச்சிக்குப் போய்விட்டேன். இந்தப் பருவத்துல என்ன பயிர் வச்சிருக்கீங்க ஐயா என்றது. எள்ளும்மா, ரெண்டு ஏக்கரும் எள்ளு என்றேன். அது கொஞ்சம் தயங்கி, மனுவில நிலக்கடலைன்னு இருக்கே ஐயா என்றது. அங்கேயாவது நான் வாயைக் கட்டியிருக்கலாம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். கடலையா, என் நிலத்துல கடலை போட்டு இருபத்துமூணு வருஷம் ஆச்சும்மா, ஆளை மாத்தி அடிச்சிட்டீங்க போல என்று சிரித்தேன். மேசையே சிரித்தது. சரிங்க ஐயா, அப்படியே பதிஞ்சுக்கறேன் என்று வைத்துவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் நானே தே வாங்கிக் கொடுத்தேன், அந்தப் பெருமையையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இதில் உன் அம்மாவுக்கும் பங்கு உண்டு, அவளை விட்டுவிட்டு என்னை மட்டும் குற்றம் சொல்லாதே. மார்கழியில் ஒரு நாள் பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நல்லா எந்திரிச்சு நிக்குது என்றாள். பூ வந்ததா என்று கேட்டதற்கு, வருது வருது என்றாள். என்ன பயிர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் நிலத்தில் வருஷா வருஷம் எள்தான் என்று நான் என் பாட்டுக்கு இருந்தேன். புது வருஷத்தன்று நீ ஒரு படம் அனுப்பினாய், தெளிப்புக் குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடிக்க, கீழே பச்சை. குழாயைத்தான் நான் பார்த்தேன். அந்தப் படத்தை டார்மில் பார்க்காத ஆள் கிடையாது. ரகுபதி அதைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, அண்ணே, எள்ளு இப்படித் தரையோட படுத்துக் கிடக்காதே, நாலு நாலு இலையா இருக்கே என்றான். போடா, உங்க பண்ருட்டியில பலாவும் முந்திரியும் தவிர என்ன தெரியும் என்று அவன் வாயை அடைத்தேன். அவன் சொன்னது சரி. என் சொந்த வயலில் நிற்கிற பயிர் எதுவென்று பண்ருட்டிக்காரனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

பிறகு பொங்கல் கழிந்த சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். என் பட்டாவை வைத்து நீ போட்ட மனுவை நிறுத்திவைத்துவிட்டார்கள், பயிர் வேறு, சொன்னது வேறு என்று எழுதிவிட்டார்கள் என்று கத்தினாய். வித்யாவின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்தக் குழாய்களை இறக்கினாய் என்பதும், மானியம் வந்தால்தான் அது திரும்பும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் அந்த இடத்தில் என்ன கேட்டிருக்க வேண்டும், இனி என்னடா செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும். என் நிலத்துல என்னைக் கேக்காம கடலை போட நீ யாருடா என்று கேட்டேன். அதற்கு நீ, சரிப்பா, உங்க நிலம்தான், நீங்களே வந்து பறிச்சுக்கங்க என்று வைத்துவிட்டாய். நீ அதற்கும் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு இராது. அந்தச் சரிப்பா என்பது எட்டு நாளாக என்னோடு யார்டுக்கு வருகிறது, திரும்பி வருகிறது, தட்டில் சோறு போட்டால் பக்கத்தில் உட்காருகிறது. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் அட்டை விரித்துப் படுக்கிறார்கள், நான் கப்பல் நிற்கிற டாக் ஓரமாக நடந்துகொண்டே இருக்கிறேன். அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிடுச்சு போல, அதான் வாக்கிங் என்று கேலி பேசுகிறார்கள்.

என் வேலை என்னவென்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. கப்பலின் பக்கவாட்டில் சாரம் கட்டி முடித்ததும் அதில் ஒரு பச்சை அட்டை மாட்டுவோம், ஆள் ஏறலாம் என்று அர்த்தம். அந்த அட்டையில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒவ்வொரு தட்டுக்கும் ஏறி, பலகையை மிதித்து, கிளாம்பைக் கையால் அசைத்துப் பார்க்காமல் போட மாட்டேன். போன வருஷம் ஒருத்தன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான், நாலு பேர் உயிர் உனக்கு விளையாட்டா என்று அவனைக் கப்பல் முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டினேன். அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அப்படித் திட்டிய நான்தான் தேக்காவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஏறிப் பார்க்காத வயலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடலை என்றதும் நான் ஏன் அப்படிச் சீறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் கேட்பதற்காக இல்லை. அந்த வருஷம் உனக்கு எட்டு வயது. பறிக்க இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்தது, ஒன்பது நாள் விடவில்லை. செடியைப் பிடுங்கினால் காய் எல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்திருந்தது. முளைவிட்ட கடலையை உன் அம்மா அவித்துக் கொடுத்தாள், நீ இனிக்குதுப்பா என்று தின்றாய். அடுத்த தையில் நான் பாஸ்போர்ட் எடுத்தேன். இனி இந்த நிலத்தில் கடலை கூடாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன், அன்றிலிருந்து அது சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கடலை போட்டிருக்கிறாய் என்று கேட்டதும் முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். உன்னையும் அது எங்காவது ஏற்றி அனுப்பிவிடும் என்று பயம். அதைச் சொல்லத் தெரியாமல் நீ யாருடா என்றேன். சொன்ன வார்த்தைக்கு வெட்கப்படுகிறேன் பிரபாகர், தகப்பன் என்றாலும் அது பேசக் கூடாத பேச்சு.

புதன்கிழமை உன் அம்மா பேசினாள். நீ வேளாண்மை ஆபீசில் மூன்று நாள் விடாமல் நின்றதாகவும், அங்கே மானிய மனுக்களைப் பார்க்கிற சுசீலா மேடம் மனம் இறங்கி ஒரே ஒரு தடவை நேரில் வந்து பார்க்க ஒத்துக்கொண்டதாகவும் சொன்னாள். மேடம் வயலுக்கு வந்து நின்றுகொண்டு மனுவில் இருக்கிற எண்ணுக்கு அடிப்பாராம், போன் அந்த வயலிலேயே அடிக்க வேண்டுமாம், வருகிற ஓ.டி.பி.யை அங்கேயே சொல்ல வேண்டுமாம். மனு நிற்கிற நிலையில் எண்ணை மாற்ற வழியில்லையாம். வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து எந்த நாளும் வரலாமாம். எண் இருப்பது உட்லண்ட்ஸில், என் தலையணைக்குக் கீழே. ரகுபதி, அண்ணே, போன்காலை உங்க பையன் நம்பருக்குத் திருப்பி விட்டுடலாம் லா என்றான், எட்டு வருஷத்தில் இந்த ஊர் லா அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பேச்சு திரும்பும், ஓ.டி.பி. திரும்பாது என்று அவனே பிறகு சொன்னான்.

அதற்கு நான் செய்த காரியம், நேராக எங்கள் மேற்பார்வையாளர் ஞானசேகரனிடம் போய் நாலு நாள் லீவு கேட்டேன். கப்பல் கிளம்புகிற நேரம், தைப்பூசக் கூட்டம் வேறு, கொடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். நீங்க இத்தனை வருஷத்துல இப்படி முகத்தை வச்சுக்கிட்டு வந்ததே இல்லையே, போயிட்டு வாங்க என்று உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். டிக்கெட்டும் பார்த்துவிட்டேன். வேட்டி கட்டிக்கொண்டு வரப்பில் நிற்பேன், போன் அடிக்கும், மாசிலாமணி பேசறேன், நிலக்கடலைதான் என்பேன், அந்த அம்மா எழுதிக்கொண்டு போவார், நீ என்னைப் பார்ப்பாய். இரண்டு நாள் இந்தப் படத்தை மனசில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நேற்று தேக்கா மார்க்கெட்டில் நடந்துகொண்டிருந்தவன் ஒரு கடையில் தோலோடு பச்சைக் கடலை குவித்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷமும் அதைக் கண்டால் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவேன். நேற்று ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன், இன்னொன்றை உடைத்தேன். சிவப்புப் பருப்பு, வெளிறிய பருப்பு, மூன்று பருப்புக் காய், இரண்டு பருப்புக் காய். நீ போட்டது இதில் எது என்று யோசித்தேன், தெரியவில்லை. அந்த மேடம் கடலை என்ன ரகம் என்று கேட்டால் என்ன சொல்வேன், என்றைக்கு விதைத்தது, விதை எங்கே வாங்கியது, எத்தனை தண்ணீர் விட்டது என்று கேட்டால் என்ன சொல்வேன். உன் முகத்தைத்தான் பார்ப்பேன். அண்ணே, வாங்குறீங்களா, இல்ல உடைச்சுப் பாத்துட்டுப் போறீங்களா லா என்று கடைக்காரர் கேட்டார். அரைக் கிலோ வாங்கினேன். டிக்கெட் வேண்டாம் என்று ரகுபதியிடம் அங்கிருந்தே சொல்லிவிட்டேன். லீவை ஞானசேகரனிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் என்னைப் பைத்தியம் என்பார், சொல்லட்டும்.

ஆகவே பொருளைச் சொல்கிறேன். இந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருப்பது அந்த சிம் கார்டு. கத்தியால் கீறாதே, விரலால் மெதுவாகப் பிரி. இன்னொரு தாளில் என் இரண்டு ஏக்கரில் இந்தப் பருவத்துக் கடலையைப் பயிர் செய்கிறவன் என் மகன் பிரபாகர், நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பு நான் போனில் சொன்னது தெரியாமல் சொன்னது என்று எழுதிக் கையெழுத்தும் கைரேகையும் வைத்திருக்கிறேன், ரகுபதியும் ஞானசேகரனும் சாட்சி போடுவார்கள். ஜாஃபர் புதன்கிழமை திருச்சிக்கு ஏறுகிறான், வியாழன் காலை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் உன் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறான், உன் அம்மாவிடமும் நேரத்தைச் சொல்லிவிட்டேன், அவனைக் காக்க வைக்காதே. கூடவே ஒரு பை வரும், அதில் அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம், வித்யாவுக்கு ஒரு குடை, நல்ல வெயில் தாங்கும், வயலுக்கு எடுத்துப் போகலாம். சங்கிலியைப் பற்றி அவளிடம் நான் என்ன சொல்வதென்று தெரியவில்லை, மாமா வெட்கப்பட்டார் என்று மட்டும் சொல்.

பட்டாவைப் பற்றி நீ ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. உன் பேருக்கு மாற்றித் தருகிறேன் என்று எழுத இப்போது கை வருகிறது, ஆனால் சண்டை போட்ட வாயை அடைக்கக் கொடுத்ததாக நீ நினைப்பாய், நானும் பிறகு அப்படியே நினைத்துக்கொள்வேன். சித்திரையில் வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம். எனக்கு அந்த நிலத்தை விட்டால் ஊரில் வேறு என்ன இருக்கிறது என்ற பயம் இன்னும் உள்ளே இருக்கிறது, அதையும் பேசுவோம்.

வேறு சில விஷயம். மயில் விடாது, கொத்திக் கிளறிவிடும், விடியற்காலையில் ஆள் இருக்க வேண்டும். பன்றி வந்தால் வேலி ஓரத்தில் பழைய சேலை கட்டலாம், மின்கம்பி மட்டும் இழுக்காதே, பக்கத்து ஊரில் அதில் ஆள் போனது உனக்கே தெரியும். மழைச் செய்தியைத் தினமும் பார். நாற்பதாம் நாள் ஜிப்சம் வைத்து மண் அணைக்க வேண்டும், பூ கீழே இறங்குமுன் வைத்தால்தான் காய் திரளும் என்று எழுத வந்தேன், நாற்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று எனக்குத் தெரியாததால் விட்டுவிடுகிறேன். உனக்குத் தெரியும். மானியத்தில் வருகிற ஜிப்சத்துக்குக் காத்திருந்து நாளைக் கடத்தாதே, வெளியில் வாங்கி வை, அதற்கு நான் தனியாக அனுப்புகிறேன், என்னிடம் சண்டை போட்டுக்கொண்டே வாங்கிக்கொள்.

சிம்மை இன்று காலை கழற்றினேன். அந்தப் பட்டன் போனைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, சும்மா பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன், வழியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். பழக்கம்தான். நீ சிம்மை நல்ல போனில் போடு, சார்ஜ் நிறைய வை. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த மேடம் வருகிற வரைக்கும் வயலை விட்டு எங்கேயும் நகராதே, சாப்பாட்டை வித்யா கொண்டு வரட்டும். அடித்தால் எடுத்து, யார் பேசறது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதே. பிரபாகர் பேசறேன், பயிர் வச்சது நான்தான் என்று சொல். ரகம் கேட்டால் சொல், தேதி கேட்டால் சொல், எல்லாம் உனக்குத்தான் தெரியும், தைரியமாகச் சொல்.

நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், வயல் நிறையக் காய் பிடித்து, மழை பறிப்புக்குப் பிறகு வர வேண்டும் என்று அப்பா மனசார வாழ்த்துகிறேன். உன் அம்மாவை மருந்து தேய்த்துவிட்டுத்தான் படுக்கச் சொல்.

ஒன்றை மறந்துவிடாதே. வரும் ஞாயிறு இங்கே தைப்பூசம், நான் காலையிலேயே சாமி பார்த்துவிட்டு வந்து பதினொரு மணிக்கு அந்த எண்ணுக்கு அடிப்பேன். இருபத்துமூன்று வருஷமாக என் எண், ஒரு தடவைகூட அதற்கு நான் அடித்ததில்லை. எடு. உங்க நிலத்துல என்ன பயிர் வச்சிருக்கீங்க ஐயா என்று கேட்பேன். நீ சொல், நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
மாசிலாமணி